ஆற்றைப் பார்த்த அறை வேண்டும்!

சென்னையில் குடியிருக்கும் நெல்லைக்காரனுக்கு வருஷம் முழுக்க மூன்று வகை போன்கள் வரும். ஒன்று, 'ஊருக்குப் போனா அல்வா வாங்கிட்டு வாங்க.' இரண்டு, 'குத்தாலத்துல தண்ணி விழுதா?' மூன்றாவது வகை சில வருஷங்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறது. 'சார், உங்க ஊர்ப் பக்கம் நல்ல லக்ஸுரி ஹோட்டல் எது?'

முதல் இரண்டுக்கும் உடனே பதில் சொல்லிவிடுவேன். மூன்றாவதுக்கு மட்டும் ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்பேன். 'யாருக்கு?'

எதிர்முனையில் ஒரு விநாடி மௌனம். 'யாருக்குன்னா... ஃபேமிலிக்குத்தான் சார்!'

ஃபேமிலி என்று ஒரு ஆள் கிடையாது என்பது உங்களுக்கும் தெரியும். முட்டி தேய்ந்த அப்பா, சுகர் இருக்கும் அம்மா, வைஃபை இல்லாவிட்டால் மூச்சு நின்றுபோகும் பையன், லீவிலாவது சமையல்கட்டைப் பார்க்கக் கூடாது என்று நினைக்கும் மனைவி... இவர்கள் எல்லோரையும் ஒரே கட்டாகக் கட்டி அதற்கு நாம் வைத்திருக்கும் பெயர்தான் ஃபேமிலி. ஹோட்டல் தேடும்போது அந்தக் கட்டை அவிழ்க்க வேண்டும். அவிழ்க்காமல் நட்சத்திரத்தை எண்ணுவதில்தான் பாதிப் பேர் பணத்தைத் தொலைக்கிறார்கள்.

முதலில் இந்த நட்சத்திர விஷயத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். நம் நாட்டில் ஹோட்டலுக்கு நட்சத்திரம் கொடுப்பது மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கமிட்டி. ஹோட்டல்காரர் விண்ணப்பம் போட்டால்தான் கமிட்டி வரும். கட்டாயம் ஒன்றும் கிடையாது. அதனால் நட்சத்திரமே வாங்காத நல்ல ஹோட்டல்களும் உண்டு. பெயின்ட்டரைக் கூப்பிட்டுத் தன் போர்டில் தானே நட்சத்திரம் வரைந்துகொண்ட ஹோட்டல்களும் உண்டு. முறையாக வாங்கிய நட்சத்திரம் ஐந்து வருஷம் செல்லும். அப்புறம் மறுபடி பரிசோதனை. நான்கு, ஐந்து நட்சத்திரங்களில் 'மது உண்டு', 'மது இல்லை' என்று தனித்தனிப் பிரிவே இருக்கிறது. 1950-க்கு முன்னால் கட்டிய அரண்மனை, பங்களா, பெரிய வீடுகளை ஹோட்டலாக மாற்றினால் 'பாரம்பரிய ஹோட்டல்' என்று வேறொரு வரிசை.

கமிட்டி எதை எண்ணும்? அறை எத்தனை, லிஃப்ட் இருக்கிறதா, ரிசப்ஷனில் ராத்திரியும் ஆள் இருக்கிறாரா, மாற்றுத்திறனாளிகளுக்கு ஓர் அறையாவது இருக்கிறதா... எல்லாம் ஹோட்டலிடம் என்ன இருக்கிறது என்ற கணக்கு. உங்களிடம் என்ன இருக்கிறது என்பதை எந்தக் கமிட்டியும் எண்ணாது. அதை எண்ணுவதற்கு ஒரு மனிதர் வேண்டும். அந்த மனிதருக்கு முன்பு டிராவல் ஏஜென்ட் என்று பெயர். இப்போது 'டிராவல் அட்வைசர்' என்கிறார்கள். பெயர் மாறியதோடு வேலையும் மாறியதா என்பதுதான் கேள்வி.

எங்கள் வீட்டுக் கதையையே சொல்கிறேன்.

அம்மாவுக்கு வயது 78. இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து, வாக்கர் பிடித்து நடக்க ஆரம்பித்திருந்தார். பிறந்தது அம்பாசமுத்திரம் பக்கம், தாமிரபரணிக் கரையில் ஒரு கிராமம். ஒரு நாள் ராத்திரி சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சொன்னார். "எய்யா, எங்க ஊரு ஆத்துல ஒரே ஒரு தடவ முங்கிட்டு வந்திரணும்."

டாக்டரிடம் கேட்டோம். "தாராளமா கூட்டிட்டுப் போங்க. ஆனா அடுத்த வருஷம் பாத்துக்கலாம்னு தள்ளிப் போடாதீங்க" என்றார். டாக்டர்கள் இப்படிப் பேசினால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கும் தெரியும்.

டல்லாஸில் இருக்கும் என் தம்பிக்கும் தெரிந்தது. அன்றைக்கே டிக்கெட் போட்டான். "அண்ணே, காசு பிரச்னையே இல்ல. அம்மாவுக்கு பெஸ்ட்டா இருக்கணும். லக்ஸுரியா இருக்கணும்." தினமும் இதே பேச்சு. எனக்கு எரிச்சல் வரவில்லை. தூரத்தில் இருக்கும் பிள்ளைகளுக்குப் பாசத்தைக் காட்டக் கைவசம் இருக்கும் வழி, சில சமயம் அறை வாடகை ஒன்றுதான்.

அவனே சென்னையில் ஒரு ஏஜென்ட்டைப் பிடித்து விவரம் சொன்னான். பத்தே நிமிஷத்தில் பி.டி.எஃப். வந்துவிட்டது. மூன்று ரிசார்ட். நீச்சல் குளம், பின்னால் மலை, தண்ணீரில் மிதக்கும் தட்டில் காலை டிபன். ஒன்றில் மட்டும் கொட்டை எழுத்தில் 'ரிவர் வியூ ரூம்'. தம்பி துள்ளிக் குதித்தான். "அம்மா பெட்ல படுத்துக்கிட்டே ஆத்தைப் பாக்கலாம்ணே!"

அந்த ரிசார்ட்டுக்கே போன் போட்டேன். ஆறு தெரியும் அறைகள் எல்லாம் இரண்டாவது மாடி. லிஃப்ட்? "அடுத்த வருஷம் போடுதோம் சார்." ஆற்றில் இறங்க வழி? "பின்னாடி கம்பி வேலி சார். சேஃப்டிக்கு."

அம்மா கேட்டது ஆறு. பி.டி.எஃப். கொடுத்தது ஆற்றின் காட்சி.

அந்த ஏஜென்ட் கெட்டவர் இல்லை. நான் பி.காம். படித்தவன், எந்தக் காரியத்தைப் பார்த்தாலும் வரவு எங்கே, பற்று எங்கே என்று தேடும் புத்தி போகாது. அவருக்குச் சம்பளம் யார் கொடுக்கிறார்கள் என்று பார்த்தேன். நாங்கள் இல்லை. ரிசார்ட்காரர்!

இந்தத் தொழிலின் ஜாதகமே அப்படி. 1841 ஜூலை 5-ஆம் தேதி, இங்கிலாந்தில் தாமஸ் குக் என்பவர் சுமார் 500 பேரை லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ரயிலில் கூட்டிக்கொண்டு போனார். ஆளுக்கு ஒரு ஷில்லிங். போனது மதுவிலக்குக் கூட்டத்துக்கு! நட்சத்திர ஹோட்டலில் மது உண்டா, இல்லையா என்று தனிப் பிரிவே வைத்திருக்கும் இன்றைய தொழிலுக்கு அப்படி ஓர் ஆரம்பம். அதற்குப் பிறகு ரயில், கப்பல், விமானம், ஹோட்டல் என்று எல்லோரும் ஏஜென்ட்டுக்குக் கமிஷன் கொடுத்தார்கள். வாங்குகிறவன் கொடுக்க வேண்டியதில்லை, விற்கிறவன் கொடுப்பான். 2008-இல் விமானக் கம்பெனிகள் நம் ஊர் ஏஜென்ட்டுகளுக்குக் கமிஷனை நிறுத்தப்போக, பெரிய போராட்டமே நடந்தது. ஹோட்டல் கமிஷன் மட்டும் தொடர்கிறது. ஏஜென்ட்டுக்குப் பொதுவாகப் பத்து சதவிகிதம். இணையதளங்களுக்கு இன்னும் கூடுதல்.

கணக்கு எளிது. 20,000 ரூபாய் அறையைக் காட்டினால் ஏஜென்ட்டுக்கு 2,000. மூவாயிரம் ரூபாய் அறையைக் காட்டினால் 300. லிஃப்ட் இருக்கிற மூவாயிரம் ரூபாய் அறைதான் உங்கள் அம்மாவுக்குச் சரி என்று சொல்ல அவருக்கு என்ன லாபம்? இலவச ஆலோசனை என்று உலகத்தில் எதுவும் கிடையாது. வேறு யாரோ பணம் கட்டிய ஆலோசனைதான் உண்டு.

இணையதளம் என்ன யோக்கியமா என்று கேட்பீர்கள். 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம், மேக்மைட்ரிப்-கோஐபிபோ மீதும் ஓயோ மீதும் சேர்த்து 392 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. குற்றச்சாட்டுகளில் ஒன்று, எங்களிடம் கொடுக்கிற விலையைவிடக் குறைவாக வேறு எங்கும் அறை விற்கக் கூடாது என்று ஹோட்டல்காரர்களிடம் ஒப்பந்தம் போட்டது. 'பெஸ்ட் பிரைஸ்' என்று திரையில் மின்னுவதைப் பார்த்ததும் மயங்காமல், ஹோட்டலின் நம்பரைத் தேடி நேராக ஒரு போன் போடுவது நல்லது.

கமிஷன் வாங்குவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. பெரிய லக்ஸுரி ஹோட்டல் குழுமங்கள் தங்களுக்குப் பழக்கமான அட்வைசர்கள் மூலம் வருகிறவர்களுக்கு, அதே வாடகையில் காலை உணவு, ஒரு படி மேலான அறை, தாமதமாகக் காலி செய்ய அனுமதி என்று சலுகைகள் தருகின்றன. பாரிஸுக்கோ சிங்கப்பூருக்கோ போகிறவர்களுக்கு அது நிஜமான லாபம். நமக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். நீங்கள் யார் ஆள்?

அந்தக் கேள்வியோடுதான் பாளையங்கோட்டையில் ஓர் அண்ணாச்சியைப் பிடித்தேன். பெயர் போடக் கூடாது என்று சொல்லிவிட்டார். பாபநாசத்திலிருந்து சேர்ந்தபூமங்கலம் வரை ஆற்றங்கரையோரம் இருக்கும் நவகைலாசத்துக்கும், ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி பக்கத்து நவதிருப்பதிக்கும் இருபது வருஷமாக வேனில் ஆள் கூட்டிக்கொண்டு போனவர். எந்தக் கோயிலில் எத்தனை படி, எந்த ஊரில் பெண்கள் போகிற மாதிரி பாத்ரூம் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம்.

"ஃபீஸ் மூவாயிரம் தம்பி. ஹோட்டல்காரன் கமிஷன் குடுத்தா அதை உங்க பில்லுல கழிச்சிருவேன்" என்றார்.

கான்ஃபரன்ஸ் காலில் இருந்த தம்பிக்குப் பொறுக்கவில்லை. "இன்டர்நெட்ல எல்லாம் ஃப்ரீயா இருக்கே, எதுக்கு ஃபீஸ்?"

அண்ணாச்சி கோபப்படவில்லை. "சரி தம்பி, ஃபீஸ் அப்புறம் பேசுவோம். ரெண்டு மூணு கேள்வி கேட்டுக்கிடுதேன்" என்று ஆரம்பித்தார்.

"அம்மாவுக்கு எத்தன ஒசரக் கட்டில் பழக்கம்? வாக்கர் எத்தன அங்குலம் அகலம்? பாத்ரூம் கதவுக்குள்ள நொழையணும்லா! ராத்திரி கூட யாரு படுப்பா? காலையில காப்பி எத்தன மணிக்கு? மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலயா, பொறவா? உங்க பிள்ளைகளுக்கு என்ன வயசு? எந்தத் தண்ணி குடிச்சா அதுகளுக்கு ஒத்துக்கிடும்?" கடைசியாக ஒன்று கேட்டார். "அம்மா சின்னதுல எந்தப் படித்துறையில குளிச்சாக?"

தம்பியிடம் ஒரு கேள்விக்கும் பதில் இல்லை. எனக்கே பாதிக்குத்தான் இருந்தது. அம்மாவைக் கூப்பிட்டு போனைக் கையில் கொடுத்தோம். இரண்டு பேரும் முக்கால் மணி நேரம் பேசினார்கள். தம்பி லைனிலேயே இருந்தான், ஒரு வார்த்தை பேசவில்லை. முடிந்ததும், "அண்ணே, மூவாயிரத்த உடனே அனுப்பிரு" என்றான்.

அதன் பிறகு தம்பி ஒவ்வொரு ஆசையாகச் சொல்ல, அண்ணாச்சி ஒவ்வொன்றாகத் தரம் பிரித்தார்.

"அருவிக்கு ஐநூறு மீட்டர்ல ரிசார்ட் போட்டுருக்கானே?" "தண்ணி கூடினா குளிக்கத் தடை போட்டுருவாங்க தம்பி. அன்னிக்கு ஐநூறு மீட்டரும் ஒண்ணுதான், ஐம்பது கிலோமீட்டரும் ஒண்ணுதான்." 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று வந்த வெள்ளம் ஒரு பள்ளி மாணவனை அடித்துக்கொண்டு போனது நினைவிருக்கிறதா? தடை போடுவது நம்மைத் தொந்தரவு செய்ய இல்லை.

"டிசம்பர்ல கிறிஸ்துமஸ் லீவுல வந்தா?" "2023-ஐ மறந்துட்டீகளா?" அந்த வருஷம் டிசம்பர் 17, 18-இல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு வெள்ளத்துக்கு நடுவில் நின்றது. "அப்பல்லாம் ரிவர் வியூ ஜன்னலுக்கு வெளிய இருக்காது தம்பி, ரூமுக்குள்ளயே வந்துரும்."

"மாஞ்சோலை எஸ்டேட் பங்களால தங்க வைக்கிறேன்னு ஒருத்தன் சொல்றானே?" மாஞ்சோலை, 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பாம்பே பர்மா கம்பெனி 99 வருஷக் குத்தகைக்கு எடுத்த மலை. 2024-இல் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுத்துக் கம்பெனி கடையைக் கட்டியது. சுற்றிலும் களக்காடு - முண்டந்துறை புலிகள் காப்பகம். வனத்துறை சம்மதம் இல்லாமல் அங்கே யாரும் உங்களைத் தங்கவைக்க முடியாது. "அட்வான்ஸ் மட்டும் அனுப்பிராதீக" என்றார் அண்ணாச்சி.

கடைசியில் அவர் போட்ட திட்டம் இது. ஜூன் கடைசி வாரம். கார் சாகுபடிக்காகப் பாபநாசம் அணையிலிருந்து தண்ணீர் திறந்திருப்பார்கள், ஆற்றில் அளவான ஓட்டம் இருக்கும். வந்தே பாரத் வேண்டாம். எட்டு மணி நேரம் உட்கார்ந்தே வர இடுப்பு தாங்காது. நெல்லை எக்ஸ்பிரஸில் கீழ் பெர்த். ஆனால் அது காலையிலேயே வந்துவிடும், ஹோட்டலில் அறை தருவது பகல் பன்னிரண்டு மணிக்கு. "அம்மா லாபியில உக்காந்திருக்கப்பிடாது. முந்தின ராத்திரிக்கும் சேத்து ரூம் போட்டுருதேன்." பெரிய ஹோட்டல் இல்லை. லிஃப்ட், அகலக் கதவு, பாத்ரூமில் கைப்பிடி, பக்கத்தில் ஆஸ்பத்திரி. அவ்வளவுதான்.

தம்பிக்கு முகம் சுருங்கியது. அண்ணாச்சி அதையும் விடவில்லை. "உங்க ஆசையும் நியாயம்தான தம்பி. கடைசி ரெண்டு நாளு மதுரையில பெரிய ஹோட்டலா போட்டுருவோம். வேல முடிஞ்ச பொறவு சொகுசு."

இந்த இடத்தில் ஒரு வரிக் கணக்கு. உங்களுக்கும் உதவும். 2025 செப்டம்பர் 22 முதல், ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை உள்ள அறைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம். அதைத் தாண்டினால் 18. அறை 7,400 என்றால் வரியோடு 7,770. அதே அறை 7,600 என்றால் வரியோடு 8,968. வாடகையில் 200 ரூபாய் வித்தியாசம், பில்லில் 1,198 ரூபாய்! அது மட்டுமில்லை. முந்தைய நிதியாண்டில் ஏதாவது ஓர் அறையை 7,500-க்கு மேல் விட்டிருந்தால், அந்த ஹோட்டலுக்குள் இருக்கும் ரெஸ்டாரன்ட்டில் நீங்கள் சாப்பிடும் தோசைக்கும் 18 சதவிகிதம். வெளியே நடந்துபோய்ச் சாதாரண ஹோட்டலில் சாப்பிட்டால் 5. லக்ஸுரி வேண்டும் என்றால் தாராளமாகக் கொடுங்கள். எல்லைக்கோட்டுக்கு ஒரு அடி அந்தப் பக்கம் நின்றுகொண்டு கொடுக்காதீர்கள்.

ஆற்றுக்குப் போகிற நாளுக்கு முந்தின சாயங்காலம், அண்ணாச்சி பைக்கை எடுத்துக்கொண்டு அம்மாவின் கிராமத்துக்கே போய்விட்டு வந்தார். "படித்துறையில பதினெட்டுப் படி. கடைசி ரெண்டு படி ஒடஞ்சு கெடக்கு. அது வேண்டாம். கொஞ்சம் மேக்க, வண்ணாந்துறை பக்கம் மணல் சரிவா எறங்குது. ஆட்டோ தண்ணி வரைக்கும் போகும்."

காலை ஆறரை மணி. டீக்கடையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கடன் வாங்கி ஆற்றுக்குள் போட்டார் அண்ணாச்சி. முட்டளவுத் தண்ணீர். நானும் தம்பியும் ஆளுக்கொரு பக்கம் பிடிக்க, அம்மா நடந்துபோய் நாற்காலியில் உட்கார்ந்தார். துணி துவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், "யாரு, இன்னாரு மகளா?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். செம்பில் மொண்டு ஊற்றினோம். அம்மா கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு இருந்துவிட்டு, "இது குளியல் இல்லய்யா. முங்கணும்" என்றார்.

தம்பி ஜீன்ஸோடு தண்ணீருக்குள் உட்கார்ந்தான். அம்மாவை மெதுவாக நாற்காலியிலிருந்து இறக்கி அவன் மடியில் வைத்தோம். அம்மா மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை முங்கினார். இரண்டு. மூன்று. எழுந்து தலையை வழித்துவிட்டு, "சரி, காப்பி குடிப்போம்" என்றார். அண்ணாச்சி ஃபிளாஸ்க்கில் கொண்டு வந்திருந்தார், சர்க்கரை போடாமல்.

தம்பி எதுவும் பேசவில்லை. ஈர ஜீன்ஸோடு ஆட்டோவில் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தான்.

மதுரையில் பெரிய ஹோட்டலில் இரண்டு நாள் இருந்தோம். மதுரையில் இந்த வகையில் கதையுள்ள இடங்கள் இரண்டு. ஒன்று, பசுமலை மேல் தாஜ் குழுமத்தைச் சேர்ந்த ஹோட்டல். பழைய மில் துரைமாருக்காகக் கட்டிய பங்களா அது. இந்த மில் கதை நம் ஆற்றோடு சம்பந்தப்பட்டது. 1880-களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீரின் விசையில் பஞ்சாலை ஓட்டிவிட்டுத்தான் மதுரைக்குப் போனார்கள். பிறகு அது மதுரா கோட்ஸ் ஆனது. இன்னொன்று, இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா 1970-களில் மதுரை கிளப்புக்காக வடிவமைத்த கட்டடம் இருக்கும் ஹோட்டல் வளாகம். நாங்கள் எதில் தங்கினோம் என்று சொன்னால் விளம்பரம் ஆகிவிடும்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அறைக்குள் போனபோது கட்டில் உயரம் குறைவாக இருந்தது. குளியலறையில் உட்கார்ந்து குளிக்க நாற்காலி போட்டிருந்தது. காலை ஐந்தரைக்குக் காப்பி கதவைத் தட்டியது. எல்லாம் அண்ணாச்சி முன்கூட்டியே போன் போட்டுச் சொன்னவை. லக்ஸுரி ஹோட்டலின் பலமே இதுதான். சொன்னால் செய்வார்கள், அலுத்துக்கொள்ளாமல் செய்வார்கள். நாம் கொடுக்கும் கூடுதல் காசு அதற்குத்தான். ஆனால் என்ன செய்ய வேண்டும் என்று யாராவது அவர்களிடம் சொல்ல வேண்டும். அதைச் சொல்லத் தெரிந்தவர்தான் அட்வைசர். பி.டி.எஃப். அனுப்புகிறவர் இல்லை.

அம்மா கேட்டார், "இந்த ரூமுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவுய்யா?" தம்பி கூசாமல் சொன்னான், "ஆயிரத்து ஐநூறும்மா." அம்மா நம்பவில்லை. "அதுக்கே அதிகம்" என்றார்.

இனி உங்கள் முறை. அடுத்த லீவுக்கு ஓர் ஆலோசகரைப் பிடிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று கேள்விகளைக் கூச்சப்படாமல் கேளுங்கள். இந்த வேலைக்கு உங்களுக்கு யார் பணம் தருகிறார்கள்? நீங்கள் காட்டும் ஹோட்டலுக்கு நீங்களே கடைசியாக எப்போது போனீர்கள்? ராத்திரி பதினொரு மணிக்குப் பிரச்னை வந்தால் எந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டும், எடுப்பது யார்? இதற்கு மழுப்பினால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். அதைவிட முக்கியம், அவர் உங்களிடம் எத்தனை கேள்வி கேட்டார் என்று எண்ணுங்கள். ஒன்றும் கேட்காமல் ஹோட்டல் பெயர் சொல்கிறவர், நாடி பிடிக்காமல் மருந்து கொடுக்கிறவர்.

பணம் கட்டும்போது ஆலோசகரின் ஃபீஸை ஆலோசகரிடமும், அறை வாடகையை முடிந்தவரை ஹோட்டலிடமே நேராகவும் கட்டுங்கள். 1758-இல் ஆரம்பித்த காக்ஸ் அண்ட் கிங்ஸ் 2019-இல் திவால் நிலைக்குப் போனது. அதே வருஷம் செப்டம்பரில் இங்கிலாந்தின் தாமஸ் குக் 178 வயதில் மூடப்பட்டபோது, உலகம் முழுக்க சுமார் ஆறு லட்சம் பயணிகள் போன இடத்தில் திகைத்து நின்றார்கள். (இந்தியாவில் அதே பெயரில் இருப்பது தனிக் கம்பெனி; அது தப்பியது.) அத்தனை வயதான பெயர்களுக்கே அந்தக் கதி என்றால், மொத்தப் பணத்தையும் ஒருவர் கையில் கொடுப்பதில் அர்த்தமில்லை.

அறைச் சீட்டில் இ.பி., சி.பி., எம்.ஏ.பி., ஏ.பி. என்று எழுதியிருக்கும். முதலாவது வெறும் அறை. இரண்டாவது காலை டிபனோடு. மூன்றாவது டிபனும் இன்னொரு வேளைச் சாப்பாடும். நான்காவது மூன்று வேளையும். ஊர் சுற்றப் போகிறவருக்கு நான்காவது வீண். அறையை விட்டு நகர முடியாத பெரியவருக்கு அதுதான் சரி. சாப்பாட்டு பில்லில் 'சர்வீஸ் சார்ஜ்' என்று தானாகச் சேர்த்தால் எடுக்கச் சொல்லுங்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-இல் அதைத் தடுத்து வழிகாட்டுதல் போட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அது சரி என்றது. அந்தக் காசை, உங்கள் அம்மாவின் கையைப் பிடித்து லிஃப்ட் வரை கொண்டுபோய் விட்ட பையனிடம் நேராகக் கொடுங்கள்.

கடைசியாக ஒரு விஷயம். அந்த அண்ணாச்சி மாதிரி ஆட்கள் பாளையங்கோட்டையில் மட்டும் இல்லை. கும்பகோணத்தில், காரைக்குடியில், நாகர்கோவிலில் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். எந்த ஆற்றில் எந்தத் துறை சரிவாக இறங்கும் என்பது எந்த ஆப்பிலும் கிடையாது. இவர்கள் தலைக்குள்தான் இருக்கிறது. கமிஷனை மட்டும் நம்பி அவர்களால் காலம் தள்ள முடியாது. ஒருவர் கடையை மூடும்போது அவ்வளவு படித்துறைகளும் அவரோடு போய்விடும். அதனால், அப்படி ஒருவர் உங்களுக்கு வாய்த்து, அவர் ஃபீஸ் கேட்டால், தயவுசெய்து பேரம் பேசாதீர்கள்.